ஊரார் கண்ணிலிருந்து ஊதும் கருவி வரை: குடிபோதையில் வாகனம் ஓட்டுதலுக்கான சாலையோரச் சோதனையின் வரலாறு – திருவொற்றியூரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டியவரை எவ்வாறு அடையாளம் காண்பது என்னும் வினாவுக்கு இந்தியச் சட்டம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது. மதுவிலக்குக் காலத்தில் ‘குடித்தானா’ என்பதும், 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘கட்டுப்பாட்டை இழந்தானா’ என்பதும், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ‘எத்தனை மில்லிகிராம்’ என்பதும் மையக் கேள்விகளாயின. கேள்வி மாறுந்தோறும் சான்று சொல்பவரும் மாறினார். காவலரின் மூக்கு, மருத்துவரின் சான்றிதழ், கருவியின் எண் எனச் சான்று இடம்பெயர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வாகன உற்பத்தியும் துறைமுகப் போக்குவரத்தும் மதுக்கடையும் ஒரே சாலையைச் சார்ந்து வளர்ந்த திருவொற்றியூர் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருவொற்றியூர், மதுவிலக்கு, மோட்டார் வாகனச் சட்டம், மூச்சுச் சோதனை, போதைச் சான்றிதழ், கொள்கலன் போக்குவரத்து, டாஸ்மாக்

முன்னுரை

மதுவுண்டவரை அறிந்துகொள்ளும் முறை தமிழ் மரபுக்குப் புதியதன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை, மறைவில் கள்ளுண்டவனை அவனது சோர்ந்த கண்களைக் கொண்டே உள்ளூரார் கண்டுகொள்வர் என்னும் கருத்தைக் கூறுகிறது. இங்குச் சாட்சி ஊர், சான்று கண், தண்டனை நகைப்பு. தண்டிப்பது அரசாக மாறும்போது ஊராரின் நகைப்புக்குப் போதுமான சான்று நீதிமன்றத்துக்குப் போதுவதில்லை. அபராதம், சிறை, உரிம இழப்பு ஆகியவற்றுக்கு ஒருவரை உட்படுத்த வேண்டுமெனில், அவர் குடித்திருந்தார் என்பதை ஐயமற நிறுவியாக வேண்டும்.

இன்று சென்னைச் சாலைகளில் இரவு நேரத்தில் தடுப்பு வேலி அமைத்து, வாகன ஓட்டியிடம் ‘ஊது’ என்று கருவியை நீட்டும் காட்சி அன்றாட நிகழ்வாகிவிட்டது. சில நொடிகளில் திரையில் தோன்றும் ஓர் எண் வழக்கின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அவ்வெண்ணுக்கு இத்தகைய ஆற்றல் எவ்வாறு வந்தது, அது எதை அளக்கிறது, எதை அளக்கத் தவறுகிறது என்பனவே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

களம்: வாகனங்களை உருவாக்கிய சாலை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் எண்ணூர் விரைவுச்சாலையும் வடசென்னைத் தொழில் வரலாற்றின் இரு முதுகெலும்புகள் எனலாம். 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் தயாரிப்பாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம் பின்னர் டயர் உற்பத்தியில் பெயர் பெற்றது. 1955இல் நிறுவப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்தது. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், பின்னர் அசோக் லேலண்டாக மாறி, எண்ணூரில் லாரிகளையும் பேருந்துகளையும் உருவாக்கியது. டயர், இருசக்கர வாகனம், சரக்கு லாரி ஆகிய மூன்றும் சில கல் தொலைவுக்குள் உற்பத்தியான பகுதி இது.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் செயற்படத் தொடங்கியபின் இச்சாலைகளின் இயல்பு மாறியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கியது. தொழிலாளர் மிதிவண்டியிலும் பேருந்திலும் சென்றுவந்த சாலைகளில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கலாயின. துறைமுக வாயிலில் நுழைவதற்காக லாரிகள் மணிக்கணக்கிலும், நெருக்கடி மிகுந்த காலங்களில் நாள்கணக்கிலும் காத்திருப்பது இப்பகுதியின் நெடுநாள் சிக்கல். மீனவர் குப்பங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் அதே சாலைகளின் ஓரத்திலேயே அமைந்துள்ளன. எனவே இங்கு ஓட்டுநரின் நிதானம் என்பது பாதசாரியின் உயிரோடும் ஓட்டுநரின் பிழைப்போடும் ஒருசேரப் பிணைந்த ஒன்றாகும்.

மதுவிலக்குக் காலமும் நாற்றமும்

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு, பொது இடத்தில் குடிபோதையில் தொல்லை தருவோருக்கு 24 மணி நேரம் வரை வெறுங்காவலோ 10 ரூபாய் வரை அபராதமோ விதித்தது. இதில் குற்றமாகக் கருதப்பட்டது ஒழுங்கீனமே. குடித்த அளவு அன்று. 2023ஆம் ஆண்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவு அபராதத்தை 1,000 ரூபாயாக உயர்த்திச் சமூக சேவையையும் சேர்த்ததே தவிர, குற்றத்தின் இலக்கணத்தை மாற்றவில்லை.

சென்னை மாகாணத்தில் இந்நிலையை மாற்றியது மதுவிலக்கு. இராஜாஜி தலைமையிலான அரசு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. இதன் விளைவாக, அனுமதியின்றி அருந்துவதே குற்றமாயிற்று. மூச்சில் வீசும் நாற்றம் அதுவரை குற்றத்தின் அடையாளமாக இருந்தது; மதுவிலக்கில் அதுவே குற்றத்தை நேரடியாகச் சுட்டியது. வாகனம் ஓட்டியவர் கட்டுப்பாட்டை இழந்தாரா என்று மெய்ப்பிக்கும் தேவையின்றியே, அருந்திய குற்றத்துக்காக அவர்மீது வழக்குத் தொடுக்க வழி இருந்தது.

நாற்றத்தை இவ்வாறு சான்றாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டை வெளிப்படுத்திய முதன்மையான வழக்கு பம்பாயில் எழுந்தது. 1951 மே மாதம் கொலாபாப் பகுதியில் ஒரு ஜீப் மூவர்மீது மோதியது. ஓட்டியவரின் மூச்சில் மது நாற்றம் வீசியது, கண்கள் சிவந்திருந்தன, கண்மணிகள் ஓரளவு விரிந்திருந்தன. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. நேர்கோட்டில் நடக்கவும் அவரால் முடிந்தது. ஏதோ ஒரு வடிவில் மது உட்கொண்டிருந்தபோதிலும் அதன் ஆதிக்கத்தில் இல்லை என்று மருத்துவர் கூறினார். மது கலந்த மருந்தைத் தாம் உட்கொண்டதாக ஓட்டியவர் வாதிட்டார். பெஸிகாகா எதிர் பம்பாய் மாநிலம் என அறியப்படும் இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954 செப்டம்பரில் அவரது தண்டனையை நீக்கியது. மது கலந்த மருந்துகளைத் தடைசெய்வது செல்லாது என 1951இலேயே தீர்ப்பாகிவிட்டதால், உட்கொண்டது தடைசெய்யப்பட்ட மதுவே என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது என்பதே தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு மதுவிலக்கு நடைமுறையின் அடித்தளத்தையே தொட்டது. மருந்தும் சாராயமும் மூக்குக்கு ஒன்றே. ஆகவே அரசு வேறொரு சான்றைத் தேட வேண்டியதாயிற்று. 1959இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, இரத்தத்தில் 0.05 விழுக்காட்டுக்குக் குறையாமல் மது இருப்பின் மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரைச் சாரும் என்ற விதி சேர்க்கப்பட்டது. நாற்றம் தோற்ற இடத்தில் எண் நுழைந்ததை இங்குக் காணமுடிகிறது.

மருத்துவர் சான்றிதழ்: உடலைப் படித்தல்

மதுவிலக்குச் சட்டத்துக்கு இணையாக 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வேறொரு கேள்வியைக் கேட்டது. அதன் 117ஆம் பிரிவின்படி, வாகனத்தை முறையாகக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மது அல்லது போதைப்பொருளின் ஆதிக்கத்தில் இருப்பதே குற்றம். இவ்வரையறை 1930ஆம் ஆண்டு பிரித்தானியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை அடியொற்றியது. குடித்திருப்பது மட்டும் இங்குப் போதாது. திறன் குன்றியிருக்க வேண்டும்.

திறன் குன்றியதா என்று கூறத் தகுதியுடையவர் மருத்துவர். ஆகவே காவலர் ஓட்டுநரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நிலைபெற்றது. வடசென்னையைப் பொறுத்தவரை இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையே இப்பகுதி மக்களின் பெரிய மருத்துவமனை. மருத்துவர் மூச்சின் நாற்றம், கண்ணின் சிவப்பு, கண்மணியின் அளவு, நாடித் துடிப்பு, பேச்சு, நினைவு, கையெழுத்து ஆகியவற்றைக் குறிப்பார். நேர்கோட்டில் நடந்து திரும்பச் சொல்வார். கண்ணை மூடி நிற்கச் சொல்வார். விரல் நுனியால் மூக்கைத் தொடச் சொல்வார். இறுதியில் மது அருந்தவில்லை, அருந்தியுள்ளார் ஆயினும் அதன் ஆதிக்கத்தில் இல்லை, அருந்தி அதன் ஆதிக்கத்தில் உள்ளார் என்னும் மூன்றனுள் ஒரு கருத்தை எழுதுவார்.

இவற்றுள் இரண்டாவது கருத்து வரலாற்று முக்கியத்துவம் உடையது. மதுவிலக்குச் சட்டத்தின் பார்வையில் அது குற்றத்தைச் சுட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் விடுதலைக்கு வழிசெய்யும். ஒரே சான்றிதழ் இரு சட்டங்களில் இரு பொருள் தந்தது. 1971 ஆகஸ்டு இறுதியில் மு. கருணாநிதி தலைமையிலான அரசு மதுவிலக்கை ஒத்திவைத்ததும், 1974இல் அது மீண்டும் நடைமுறைக்கு வந்ததும், 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தளர்த்தப்பட்டதும் இச்சான்றிதழின் சட்ட மதிப்பைத் திரும்பத் திரும்ப மாற்றின. ஓட்டுநரின் உடல்நிலை ஒன்றாகவே இருக்க, ஆண்டைப் பொறுத்து அது குற்றமாகவும் குற்றமற்றதாகவும் ஆயிற்று.

உடற்குறிகளின் நம்பகத்தன்மையும் கேள்விக்குள்ளானது. 1971இல் மகாராட்டிரத்திலிருந்து வந்த மற்றொரு மேல்முறையீட்டில், மது நாற்றம், தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒருவர் மது அருந்தினார் என உறுதிசெய்ய இயலாது என உச்ச நீதிமன்றம் கருதியது. விபத்தின் அதிர்ச்சியும் தலைக்காயமும் நீரிழிவு நோயும்கூட இதே குறிகளைத் தோற்றுவிக்கும் என்பதை மருத்துவ நூல்கள் ஏற்கின்றன. இரத்த மாதிரியை எடுத்துச் சோடியம் ஃபுளோரைடு இட்டுப் பாதுகாத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே உறுதியான வழி. 1849இல் வேதியியல் ஆய்வாளர் கூடம் அமைந்த சென்னைக்கு இத்தகைய ஆய்வு புதியதன்று. எனினும் ஊசி ஏற்றுமுன் தோலைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைத்துவிட்டால்கூட முடிவு ஐயத்துக்கு உள்ளாகும். ஆய்வகத்தின் துல்லியம் மாதிரி எடுத்த கையையும் சார்ந்தது.

அயல்நாட்டு அனுபவம்

இரத்தத்தில் உள்ள மதுவின் அளவைச் சட்ட எல்லையாக்கியதில் 1936இல் 0.05 விழுக்காட்டை வகுத்த நார்வே முன்னோடி. அமெரிக்காவின் இந்தியானாவில் ரோலா ஹார்கர் 1930களில் உருவாக்கிய கருவியும், இராபர்ட் போர்க்கென்ஸ்டைன் 1954இல் உருவாக்கிய மூச்சுப் பகுப்பாய்வுக் கருவியும் இரத்தமின்றி மூச்சைக் கொண்டே அளவிட வழிவகுத்தன. பிரித்தானியா 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற எல்லையை வகுத்துச் சாலையோர மூச்சுச் சோதனையைத் தொடங்கியது.

அமெரிக்கா கருவியோடு உடற்சோதனையையும் முறைப்படுத்தியது. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காகத் தென் கலிபோர்னிய ஆய்வு நிறுவனம் 1970களில் தொடங்கி நடத்திய ஆய்வுகளின் பயனாக, அசையும் பொருளைப் பின்தொடரும்போது கண்ணில் தோன்றும் துடிப்பைக் காணுதல், குதிகாலும் விரல்நுனியும் தொட நேர்கோட்டில் நடந்து திரும்புதல், ஒற்றைக்காலில் நிற்றல் என்னும் மூன்று சோதனைகள் தரப்படுத்தப்பட்டன. திரைப்படங்கள் வழி இக்காட்சி தமிழ்நாட்டிலும் அறிமுகமானதே. ஆனால் இந்தியச் சட்டம் காவலருக்கு இத்தகைய உடற்சோதனை எதையும் வகுக்கவில்லை. நடக்கச் சொல்லும் அதிகாரம் இங்கு மருத்துவரிடமே இருந்தது. சாலையோரத்துக்கு வந்தது கருவி மட்டுமே.

முப்பது மில்லிகிராம்: கருவியின் காலம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு முதலில், எவ்வளவு சிறிய அளவாயினும் இரத்தத்தில் மது இருப்பதைக் குற்றமாக்கியது. 1994 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதனை மாற்றி, மூச்சுப் பகுப்பாய்வுக் கருவியின் சோதனையில் 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் என எல்லை வகுத்தது. பிரித்தானிய எல்லையோடு ஒப்பிட இது பாதிக்கும் குறைவு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வகச் சோதனை உள்ளிட்ட பிற சோதனைகளையும் சேர்த்தது. முதற்குற்றத்துக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது.

கருவி இரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சில் உள்ள மதுவைக் கண்டு, 2100க்கு 1 என்னும் பொது விகிதத்தைக் கொண்டு இரத்த அளவைக் கணிக்கிறது. இவ்விகிதப்படி 30 மில்லிகிராம் எல்லை என்பது ஒரு லிட்டர் மூச்சில் ஏறத்தாழ 0.14 மில்லிகிராம் மதுவுக்குச் சமம். வாய் கொப்பளிக்கும் மருந்தோ சற்றுமுன் அருந்திய மதுவின் எச்சமோ வாயில் தங்கியிருந்தால் அளவு கூடித் தோன்றும். அதனால்தான் ஏறத்தாழ 15 நிமிட இடைவெளியில் மறுசோதனை செய்வது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது. பெஸிகாகா வழக்கில் மூக்கைக் குழப்பிய சிக்கல் கருவிக்கும் முற்றிலும் நீங்கவில்லை.

சட்டம் வகுத்த படிநிலையும் கவனத்துக்குரியது. 203ஆம் பிரிவின்படி, சீருடையில் உள்ள காவல் அலுவலருக்கு ஓட்டுநர்மீது நியாயமான ஐயம் இருக்கும்போதே மூச்சு மாதிரி கேட்கலாம். சோதனை மதுவைக் காட்டினாலோ, ஐயத்துக்குரியவர் ஊத மறுத்தாலோ பிடியாணையின்றிக் கைது செய்யலாம். 202ஆம் பிரிவின்கீழ்க் கைதானவர் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். தவறினால் விடுவிக்கப்பட வேண்டும். 204ஆம் பிரிவு இரத்தப் பரிசோதனைக்கு வழிசெய்கிறது. 205ஆம் பிரிவு, தக்க காரணமின்றி மறுப்பதை மறுத்தவருக்கு எதிரான சூழ்நிலையாகக் கொள்ள இடமளிக்கிறது. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசமைப்புப் பாதுகாப்பு, கைரேகை போன்ற உடல்சார் சான்றுகளுக்குப் பொருந்தாது என 1961இல் பதினொரு நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறி இத்தகைய சோதனைகளுக்குத் துணை நிற்கிறது.

இப்படிநிலையை நோக்கின் ஓர் உண்மை புலப்படும். கருவி காவலரின் மூக்கை அகற்றவில்லை. அதனைத் தீர்ப்பின் இடத்திலிருந்து வாயிலுக்கு நகர்த்தியது. யாரிடம் கருவியை நீட்டுவது என்பதை இன்றும் ஐயமே முடிவுசெய்கிறது. இரவில் தடுப்பு வேலியிட்டு வரிசையாக அனைவரையும் ஊதச் செய்யும்போது ‘நியாயமான ஐயம்’ என்னும் சொல்லின் எல்லை நெகிழ்கிறது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது பல நகரங்களில் கருவிச் சோதனை நிறுத்தப்பட்டபோது, மருத்துவச் சோதனையே மீண்டும் துணையாயிற்று. பழைய சான்றுமுறைகள் மறைந்துவிடவில்லை என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

மூச்சின் அளவும் சாலையின் தொலைவும்

கொள்கலன் முனையம் செயற்படத் தொடங்கிய அதே 1983இல்தான் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமும் மதுவின் மொத்த விற்பனைக்காக நிறுவப்பட்டது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இதன்பின் சாலையோரத்தில் விற்பவரும் சோதிப்பவரும் அரசாகவே ஆயினர்.

இம்முரண்பாட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றதும் தமிழ்நாடே. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளிவிளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது எனத் தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேருக்கு மிகாத மக்கள்தொகை உடைய உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அத்தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமம் பெற்ற கடைகளை இத்தடை கட்டுப்படுத்தாது என நீதிமன்றம் விளக்கியது.

திருவொற்றியூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலம். எனவே 500 மீட்டர் விதியின் பாதுகாப்பு, இவ்விளக்கத்துக்குப் பின் இப்பகுதிக்குக் கட்டாயமானதாக இல்லை. ஊருக்கு நடுவே செல்வதால்தான் இச்சாலைகளில் பாதசாரிகள் மிகுதி. ஊருக்கு நடுவே செல்வதால்தான் தொலைவு விதியும் பொருந்தவில்லை. கடைக்கும் சாலைக்கும் உள்ள தொலைவை அளக்கும் வழி அடைபட்ட நிலையில், ஓட்டுநரின் மூச்சை அளக்கும் வழி மட்டும் எஞ்சியது. பொறுப்பின் முழுச் சுமையும் வழங்கலிலிருந்து அருந்துபவர்மீது சாய்ந்ததை இது காட்டுகிறது.

அளக்கப்படாதவை

185ஆம் பிரிவுக் குற்றம் காவலரிடம் அபராதம் செலுத்தி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. நீதிமன்றம் சென்றே தீரவேண்டும். சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015இல் வழங்கிய அறிவுறுத்தலின்படி ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்கப்பட வேண்டும். நடைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் கண்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு உரிமம் இல்லாத மூன்று மாதம் என்பது வருவாய் இல்லாத மூன்று மாதம். சொந்த மோட்டார் சைக்கிளில் பிடிபட்ட அலுவலகப் பணியாளருக்கு அதே தண்டனை அவ்வளவு பெரிய இழப்பன்று. எண் அனைவருக்கும் ஒன்று. அதன் விளைவு ஒன்றன்று.

இவ்வேறுபாட்டைக் காட்டி எல்லையைத் தளர்த்தக் கோருவது பொருந்தாது. நாற்பதடிக் கொள்கலன் ஏற்றிய லாரியின் ஓட்டுநர் சிறிதளவு தடுமாறினும் இழப்பு பெரிது. அதனைச் சுமப்பவர் பெரும்பாலும் சாலையோரத்தில் நடப்பவரும் மிதிவண்டியில் செல்பவரும் ஆவர். கேள்வி வேறு. 1961ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025இல் நீக்கப்படும்வரை, நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலை நேரத்தை வகுத்திருந்தது. துறைமுக வரிசையில் இரவெல்லாம் விழித்திருந்து வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தியவர் இவ்வரம்பைக் கடந்தாரா என்று சாலையோரத்தில் எவரும் கேட்பதில்லை. உறக்கமின்மையும் மதுவைப் போலவே எதிர்வினையைத் தாமதப்படுத்தும். ஆனால் அதற்கு ஊதும் கருவி இல்லை.

1939ஆம் ஆண்டுச் சட்டம் மதுவை முன்வைத்தே பேசினாலும், அது கேட்ட கேள்வி ஓட்டுநரின் திறனைப் பற்றியது. இன்றைய சட்டத்தின் கேள்வி எளிதில் மெய்ப்பிக்கத்தக்கது. காவலரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைத்தது. அவ்வகையில் அது முன்னேற்றமே. ஆயினும், அளக்க முடிந்த ஒன்றே ஆபத்தின் முழு உருவம் என்ற தோற்றத்தையும் அது தந்துவிட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. குடிபோதையில் வாகனம் ஓட்டுதல் என்னும் குற்றத்தின் வரையறை, அதனை மெய்ப்பிக்கக் கிடைத்த சான்றுமுறையைச் சார்ந்தே மாறிவந்துள்ளது. நாற்றம் நீதிமன்றத்தில் தோற்றதே எண்ணின் வரவுக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்று.

2. மதுவிலக்கு நடைமுறையில் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து, அருந்தியுள்ளார் ஆயினும் ஆதிக்கத்தில் இல்லை என்னும் மருத்துவச் சான்றின் பொருள் தமிழ்நாட்டில் மாறியது.

3. கருவி காவலரின் விருப்புரிமையை முற்றிலும் நீக்கவில்லை. யாரைச் சோதிப்பது என்னும் தொடக்க நிலைக்கு அதனை நகர்த்தியது.

4. நெடுஞ்சாலைத் தொலைவு விதி நகராட்சிப் பகுதிகளுக்குக் கட்டாயமாகாததால், திருவொற்றியூர் போன்ற பகுதிகளில் தடுப்புப் பொறுப்பு ஓட்டுநரின் மூச்சுச் சோதனையிலேயே குவிந்துள்ளது.

5. வேலை நேரத்தையும் காத்திருப்பையும் கணக்கில் கொள்ளாத சோதனை, சாலை ஆபத்தின் ஒரு பகுதியை மட்டுமே காண்கிறது.

ஆகவே துறைமுகச் சாலைகளில் இரவுச் சோதனை தொடர்வது எவ்வளவு தேவையோ, லாரி ஓட்டுநர்கள் உறங்கவும் இளைப்பாறவும் தக்க இடங்கள் அமைவதும், வேலை நேர வரம்பு நடைமுறைப்படுவதும் அவ்வளவு தேவையாகும். ஓட்டுநர் கருவியில் ஊதுவதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்தில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதும் சாலைப் பாதுகாப்பு வரலாற்றின் பகுதியே. இத்துறையில் மேலாய்வு செய்வோர் துறைமுக நுழைவுப் பதிவுகளையும் நீதிமன்ற ஆவணங்களையும் ஒப்பிட்டு ஆராய இடமுண்டு.